கார் ஏசி காட்டும் பிழைக்குறியீட்டை வீட்டிலேயே படிப்பது எப்படி?

தானியங்கி ஏசி பொருத்திய காரில் குளிர்ச்சி குறைந்து, ஏசி பொத்தானின் விளக்கும் விட்டுவிட்டு எரியத் தொடங்குகிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 முனைக் கனெக்டரில் விலை மலிவான ஸ்கேனர் ஒன்றைச் செருகிப் பார்த்தால், பிழை ஏதும் இல்லை என்கிறது கைபேசித் திரை. ஸ்கேனரும் பழுதாகவில்லை, விளக்கும் தவறாக எரியவில்லை. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து கட்டாயமாக்கப்பட்ட இந்தக் கண்டறியும் முறை, வாகனப் புகையைக் கட்டுப்படுத்துவதற்காகக் கொண்டுவரப்பட்டது. ஆகவே புகையின் அளவைப் பாதிக்கும் பிழைகளை எந்த ஸ்கேனரும் படிக்கும்படி தர வேண்டும் என்பதோடு சட்டம் நின்றுவிடுகிறது. ஏசியின் கட்டுப்பாட்டுக் கருவி சேமித்து வைப்பவையோ பெரும்பாலும் ‘பாடி’ வகைக் குறியீடுகள், அதாவது எஞ்சினைச் சாராத, காரின் உடற்பகுதிக் கருவிகளுக்கான குறியீடுகள். அவற்றைப் படிக்க, அந்தந்த நிறுவனத்தின் மொழி தெரிந்த ஸ்கேனர் வேண்டும்.

சில நிறுவனங்கள் ஸ்கேனரே தேவைப்படாத வழியொன்றை ஏசி பலகையிலேயே வைத்திருக்கின்றன. டொயோட்டாவின் பழைய மாடல்கள் பலவற்றில், ‘ஆட்டோ’ பொத்தானையும் உள்காற்றுச் சுழற்சிப் பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடித்தபடி சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினால், பலகையின் விளக்குகள் எல்லாம் ஒரு வினாடி இடைவெளியில் நான்கு முறை எரிந்து அணையும். அதன் பிறகு வெப்பநிலை காட்டும் இடத்தில் இரண்டு இலக்க எண் தோன்றும். 00 என்றால் பிழை இல்லை. 11 காரின் உட்புற வெப்பநிலை சென்சாரையும், 12 வெளிக்காற்றின் வெப்பநிலை சென்சாரையும், 13 டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலின் சென்சாரையும், 21 சூரிய ஒளி சென்சாரையும், 23 கேஸ் அழுத்த சென்சாரையும் சார்ந்த சுற்றுகளைக் குறிக்கும். பின்னர் வந்த மாடல்களில் இவையே 1411, 1412 என்று நான்கு இலக்கக் குறியீடுகளாயின. எண் தோன்றும்போது பீப் ஒலியும் கேட்டால் பிழை இந்த நொடியிலும் நீடிக்கிறது. ஒலி இல்லாவிட்டால் முன்பு எப்போதோ ஏற்பட்டு நினைவில் பதிந்தது.

இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். 21 என்று கண்டதும் சூரிய ஒளி சென்சாரை வாங்கி வந்துவிடுகிறார்கள். ஆனால் கூரை போட்ட கார் நிறுத்துமிடத்தின் இருட்டில் சோதித்தால், நல்ல நிலையில் உள்ள காரும் 21ஐக் காட்டும். டேஷ்போர்டின் மேல் இருக்கும் அந்தச் சிறு குமிழுக்குள் இருப்பது ஒளி விழுந்தால் மின்னோட்டம் தரும் போட்டோடையோடு. ஒளியே இல்லாத நிலையும் கம்பி அறுந்த நிலையும் கட்டுப்பாட்டுக் கருவிக்கு ஒன்றுபோலவே தெரியும். காரை வெயிலுக்குக் கொண்டுவந்து மறுபடி பார்த்தால் போதும்.

வெப்பநிலை சென்சார்களிலும் அடிப்படை இதேதான். அவற்றுக்குள் இருப்பது தெர்மிஸ்டர். குளிரும்போது அதன் மின்தடை கூடும், சூடேறும்போது குறையும். கட்டுப்பாட்டுக் கருவி தன்னுள்ளே இருக்கும் மாறாத மின்தடை ஒன்றின் வழியாக 5 வோல்ட்டை அனுப்பி, அதற்கும் தெர்மிஸ்டருக்கும் இடையே நிற்கும் வோல்ட்டேஜை அளக்கிறது. சுற்று அறுந்தால் வோல்ட்டேஜ் 5ஐ நெருங்கும். அது நம்ப முடியாத கடுங்குளிருக்கு உரிய அளவு. இரு கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் பூஜ்யத்தை நெருங்கும். அது நம்ப முடியாத வெப்பம். கருவிக்குத் தெரிவது இந்த ஒரு வோல்ட்டேஜ் மட்டுமே. சென்சார் செத்துவிட்டதா, எலி கம்பியைக் கடித்துவிட்டதா, கனெக்டரில் பச்சை பூத்திருக்கிறதா என்பதைப் பிரித்தறிய அதற்கு வழியில்லை. பிரித்தறிவது மல்டிமீட்டரை (வோல்ட்டேஜ், மின்தடை ஆகியவற்றை அளக்கும் கருவியை) கையில் வைத்திருப்பவரின் வேலை.

குறியீடு 12ஐ எடுத்துக்கொள்வோம். வெளிக்காற்று சென்சார் பெரும்பாலும் முன் பம்பருக்குப் பின்னால், கண்டன்சருக்கு (ஏசி கேஸின் சூட்டை வெளியேற்றும் பாகத்துக்கு) முன்னே தொங்கிக்கொண்டிருக்கும். கனெக்டரைக் கழற்றி, சென்சாரின் இரு முனைகளிலும் மின்தடையை அளக்க வேண்டும். டொயோட்டாவின் பல மாடல்களில் 25 டிகிரி செல்சியஸில் அது 1.6 முதல் 1.8 கிலோ ஓம் வரை இருக்கும். சென்சாரை உள்ளங்கையில் மூடிப் பிடித்தால், உடல் சூட்டில் எண் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே வர வேண்டும். அப்படி இறங்கினால் சென்சார் நன்றாகவே இருக்கிறது. தேட வேண்டியது கம்பியில். அதற்கு, கார்ப் பக்கத்துக் கனெக்டரின் இரு முனைகளையும் மெல்லிய கம்பியால் இணைத்துவிட்டு, அந்த நிறுவனத்தின் மொழி தெரிந்த ஸ்கேனரில் வெப்பநிலையைப் பார்க்கலாம். கடுங்குளிரைக் காட்டிய அளவு ஒரே தாவலாக உச்சத்துக்குப் போனால், அதுவரையுள்ள கம்பியும் கட்டுப்பாட்டுக் கருவியும் சரியாக இருக்கின்றன. உள்ளே உள்ள மின்தடை மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவதால் தெர்மிஸ்டர் சுற்றில் இப்படி இணைப்பதால் கேடு வராது. மூன்று கம்பிகள் உள்ள அழுத்த சென்சாரில் இதைச் செய்யவே கூடாது.

குறியீடு 23 வேறு வகை. கேஸ் அழுத்தம் சுமார் 2 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அலகு) கீழே இறங்கினாலும், 31 பாரைத் தாண்டினாலும் அது பதிவாகும். எனவே சென்சார் உண்மையையே சொல்லிக்கொண்டிருக்கலாம்: கேஸ் கசிந்து தீர்ந்திருக்கலாம். இதில் ஓர் அறிவியல் நுட்பம் உண்டு. ஏசியை நிறுத்தி வெகுநேரம் ஆன பிறகு, குழாய்களுக்குள் துளியேனும் திரவம் மிஞ்சியிருக்கும்வரை, அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலைதானே தவிர, கேஸின் அளவு அல்ல. கார் ஏசிகளில் பயன்படும் ஆர்-134ஏ கேஸ் 30 டிகிரியில் கேஜில் (அழுத்தமானியில்) ஏறக்குறைய 6.7 பாரைக் காட்டும், பாதி கசிந்திருந்தாலும் அதே 6.7தான். ஆகவே நிற்கும் காரில் அழுத்தம் சரியாக இருப்பது கேஸ் முழுதாக இருப்பதற்குச் சான்றாகாது. மிகக் குறைவாக இருப்பதோ கசிவுக்கு உறுதியான சான்று. அப்போது வீட்டில் செய்யத்தக்கது, குழாய் இணைப்புகளில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து படிந்த கறையைத் தேடுவது மட்டுமே. குழாயைத் திறப்பது ஒர்க்‌ஷாப் வேலை. மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும் அந்தத் திரவம் தோலை உறைய வைத்துவிடும். காற்றில் கலந்தாலோ, 100 ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ கேஸ் ஆயிரம் கிலோவுக்கும் அதிகமான கரியமில வாயுவுக்கு நிகராகப் பூமியைச் சூடாக்கும்.

ஒரு பக்கம் சூடும் மறுபக்கம் குளிருமாகக் காற்று வந்து, டேஷ்போர்டுக்குள் டிக் டிக் என்று ஒலி கேட்டால், காற்றைக் கலக்கும் கதவின் சிறு மோட்டாரில் பிளாஸ்டிக் பற்சக்கரம் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அதைத் தேடும்போது மஞ்சள் நிறக் கனெக்டர்களைத் தொடக் கூடாது. அவை ஏர்பேக்குக்கு உரியவை. ஹைபிரிட் கார்களில் ஆரஞ்சு நிறக் கேபிள்களையும் தொடக் கூடாது. அவற்றில் உயர் வோல்ட்டேஜ் மின்சாரம் பாய்கிறது. டொயோட்டாவின் ஹைபிரிட் காரான பிரியஸில், 2003இல் வந்த இரண்டாம் தலைமுறை முதல், அதன் ஏசி கம்ப்ரசர் 200 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரத்தில் ஓடுகிறது.

பழுதைச் சரிசெய்த பிறகு, முன்கண்ணாடி, பின்கண்ணாடி ஆகியவற்றின் பனிநீக்கப் பொத்தான்களைச் சோதனை நிலையில் சேர்த்து அழுத்தினால் டொயோட்டா மாடல்கள் பலவற்றில் குறியீடு அழியும். அழித்த உடனே திரும்பி வந்தால் பழுது அப்படியே இருக்கிறது. குண்டும் குழியுமான சாலையில் ஓட்டிய பிறகு மட்டும் வந்தால், எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது. குறியீட்டுத் திரையைத் திறந்து வைத்துவிட்டு, கம்பிக் கற்றையை ஒவ்வொரு சாணாக அசைத்துக்கொண்டே வர வேண்டும். எந்த இடத்தில் கை படும்போது பீப் ஒலி கேட்கிறதோ, அந்த இடத்தின் உறையைப் பிரித்துப் பார்க்கலாம்.