எனாமல்: பல்லுக்கு ஒரு சொல், குவளைக்கு ஒரு சொல்

பழைய ரஷ்ய எனாமல் குவளைகளைப் பற்றித் தமிழில் தேடினால் 'பற்சிப்பிக் குவளை' என்று வந்து நிற்கிறது. பார்க்கும்போதெல்லாம் மனசு சங்கடப்படுகிறது. பற்சிப்பி என்பது பல்லின் மேலுறைக்காக ஆக்கிய நல்ல சொல். இயந்திர மொழிபெயர்ப்பு அதைக் கொண்டுபோய்ச் சட்டிமேலும் தட்டின்மேலும் ஒட்டிவிட்டது.

சரி, பாத்திரத்தில் இருக்கும் எனாமல் என்ன? கண்ணாடிதான். கண்ணாடியைப் பொடியாக அரைத்து, உலோகத்தின்மேல் பூசி, சூளையில் ஏறக்குறைய 800 டிகிரி செல்சியஸில் சுட்டால், பொடி உருகி உலோகத்தோடு ஒன்றிவிடும். விளிம்பில் சில்லு பெயர்ந்த குவளை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெள்ளைப் பரப்பில் ஒரு கரும்புள்ளி தெரியும். அது உள்ளே இருக்கும் இரும்புத் தகடு. புள்ளியைச் சுற்றி நகத்தை ஓட்டினால் உடைந்த கண்ணாடியின் கூர்மை தட்டுப்படும். பெயிண்ட் உரியும், எனாமல் உடையும்.

சொல்லும் இதையேதான் சொல்கிறது. ஆங்கிலத்தின் எனாமல், பழைய பிரெஞ்சின் 'எஸ்மாய்' வழியாக வந்தது. அதன் வேர் 'உருகுதல்' என்று பொருள்படும் ஜெர்மானியச் சொல். இன்றும் ஜெர்மனில் உருகுவதற்கு 'ஷ்மெல்ட்சென்' என்பார்கள். ரஷ்யரின் 'எமால்' பிரெஞ்சிலிருந்து போனது. அதற்கு முன்பே அவர்களிடம் 'ஃபினீஃப்த்' என்று ஒரு சொல் இருந்தது. அது கிரேக்கத்திலிருந்து வந்தது. ரொஸ்தோவ் நகரத்து எனாமல் ஓவியத்துக்கு இன்றும் அந்தப் பழைய பெயர்தான். அடுப்படிக் குவளையை யாரும் ஃபினீஃப்த் என்று சொல்வதில்லை, அது எப்போதும் எமால்.

சேகரிப்பவர்கள் பொருளைக் கவிழ்த்துப் பார்ப்பதும் வெள்ளிப் பொருளுக்கும் சமையலறைப் பாத்திரத்துக்கும் வேறுவேறு விதமாகத்தான். ஜார் காலத்து வெள்ளிக் கரண்டி, நீலமும் பச்சையும் எனாமல் இட்டது என்றால், முதலில் 84 என்ற எண்ணைத் தேடுவார்கள். ஸொலொத்னிக் என்ற பழைய ரஷ்ய எடைக் கணக்கில் 96 என்றால் சுத்த வெள்ளி. 84 என்றால் ஆயிரத்துக்கு 875 பங்கு. 1899 முதல் கூடவே கோகோஷ்னிக் என்ற தலையணி அணிந்த பெண்ணின் பக்கவாட்டு முகம் இருக்கும். 1908 வரை அந்த முகம் இடப்பக்கம் பார்க்கும், அதற்கப்புறம் வலப்பக்கம். 1927 முதல் அந்த இடத்தில் சுத்தியலோடு ஒரு தொழிலாளியின் தலை. 1958 முதல் நட்சத்திரத்துக்குள் அரிவாளும் சுத்தியலும். எண்ணும் 1927 முதலே 84 போய் 875 ஆகிவிடும். ஆனால் 84 முத்திரையைப் போலியாகக் குத்துகிறவர்கள் நிறைய. அதை மட்டும் நம்பி வாங்கக் கூடாது.

சோவியத் சமையலறைப் பாத்திரத்தில் வெள்ளி முத்திரைக்கு வேலையில்லை. ஆலையின் சின்னம், தரம், பல சமயம் ரூபிள் கோப்பெக் கணக்கில் விலை, எல்லாம் அடியில் மையால் அச்சிட்டிருக்கும். எனக்குப் பிடித்தவை உரால் பகுதியின் லீஸ்வா நகரக் குவளைகள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் செம்படைக்கு எஃகுத் தலைக்கவசம் செய்ததும் அதே ஊர்தான். அடியில் அரசுத் தர எண் இருந்தால் கடைசி இரண்டு இலக்கங்களைப் பாருங்கள். அது அந்தத் தரவிதி வந்த ஆண்டு. 81 என்றிருந்தால் அந்தக் குவளை 1981-க்கு முந்தியதாக இருக்க முடியாது.

தமிழில் என்ன சொல்லலாம்? பீங்கான் என்று சிலர் சொல்வார்கள். அது மண்ணைச் சுட்டுச் செய்வது, இங்கே மண்ணே இல்லை. நகைக்கடைகளில் புழங்கும் மீனாகாரி பாரசீகத்து 'மீனா'விலிருந்து வந்தது. வெள்ளிக் கரண்டிக்குப் பொருந்தும், தேநீர்க் குவளைக்கு ஒட்டாது. பேச்சில் எனாமல் என்ற சொல்லே நன்றாக ஊறிவிட்டது, அதை மாற்ற வேண்டியதில்லை. எழுத்தில் தமிழ்ச்சொல் வேண்டும் என்றால் 'கண்ணாடிப் பூச்சு' என்பேன். லீஸ்வாக் குவளை கண்ணாடிப் பூச்சிட்ட இரும்புக் குவளை. ஜார் காலத்துக் கரண்டி கண்ணாடிப் பூச்சிட்ட வெள்ளிக் கரண்டி. பற்சிப்பி பல் மருத்துவரிடமே இருக்கட்டும்.