மறந்துபோனவருக்குப் பின்னால் மர்மக் கதை தேடாதீர்கள்

ஒருத்தர் திடீரென்று எல்லாவற்றையும் மறந்துவிட்டு நின்றால், என்ன நோய் என்று கேட்பதற்கு முன்னாலேயே ‘என்ன பண்ணிட்டு வந்திருப்பான்?’ என்று கேட்டுவிடுகிறோம். எல்லாம் சினிமா பார்த்த பழக்கம். ஹீரோ ஆஸ்பத்திரியில் கண் விழிப்பார், ரத்தம் தோய்ந்த கை ஒன்று மனதில் வந்து வந்து போகும், கடைசி ரீலில் அவர்தான் கொலைகாரர் என்று தெரியும். நானும் இந்த மாதிரிப் படங்களை விரும்பிப் பார்ப்பவள்தான். ஆனால் குடியாத்தத்தில் மனநல மருத்துவராக உட்கார்ந்திருக்கும்போது, வீட்டார் அதே கதையை மனதில் வைத்துக்கொண்டு நோயாளியை அழைத்து வருவதால் எத்தனை நாள் வீணாகிறது என்று பார்க்கிறேன். (கீழே வருபவர்களின் அடையாளங்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.)

பேரணாம்பட்டுப் பக்கம் ஒருவர், ஐம்பதை ஒட்டிய வயது, தோல் மண்டியில் கணக்கு பார்த்தவர். பல வருடக் குடி. கொஞ்ச நாளாகச் சோறு இறங்கவில்லை, வாந்தி, அப்புறம் ஒரே தள்ளாட்டம். போதைதானே என்று திண்ணையிலேயே படுக்கவிட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்து உடம்பு கொஞ்சம் தேறிய பிறகு நான் போய்ப் பார்த்தேன். “காலையில என்ன பண்ணீங்க?” என்றேன். “ஆம்பூர் போயிருந்தேன் மேடம், ரெண்டு லோடு தோல் பார்த்துட்டு, அங்கயே பிரியாணி சாப்பிட்டுட்டு இப்பதான் வர்றேன்” என்றார், கையில் டிரிப்ஸ் ஏற்றும் வென்ஃப்ளான் ஊசியும் பிளாஸ்திரியுமாகக் கட்டிலில் படுத்தபடியே. அரை மணி கழித்து அதே கேள்வியைக் கேட்டால் இந்தத் தடவை வாணியம்பாடி. அவர் மனைவி என்னை வராந்தாவுக்கு இழுத்துப்போய்க் குரலைத் தாழ்த்தி, “இன்னா மேடம், ஆம்பூர்ல இவருக்கு யாராச்சும் இருக்காளா?” என்று கேட்டார்.

யாரும் இல்லை. இல்லாமல் போனது தயமின், அதாவது வைட்டமின் பி1. உடம்பில் இதன் இருப்பு சில வாரங்களுக்கு மேல் தாங்காது. குடி அதைக் குடலில் ஏறவிடாது, சாப்பாடும் நின்றுவிட்டால் மூளையில் நினைவைப் பதியவைக்கும் பகுதிகள் சேதமாகும். ரஷ்ய மருத்துவர் கோர்சகாஃப் 1880களின் கடைசியில் விவரித்த நோய் இது, இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. புதிதாக எதுவும் பதியாததால் ஏற்படும் ஓட்டையை மூளை பழைய துண்டுகளை வைத்து அடைத்துவிடும். பொய் சொல்கிறவனுக்குத் தான் சொல்வது பொய் என்று தெரியும், இவருக்கு அது தெரியாது, ஆம்பூர் பிரியாணியின் ருசியே அவர் நாக்கில் இருக்கும். கள்ளக்காதலும் கிடையாது, மறைத்துவைத்த குற்றமும் கிடையாது.

திண்ணையில் கிடந்த அந்த நாட்கள்தான் எனக்கு வயிற்றெரிச்சல். குடிப்பவர் சாப்பிடாமல் கிடந்து, குழம்பிப் பேசினாலோ, காலை அகட்டித் தள்ளாடி நடந்தாலோ, கண் ஒரு மாதிரி ஆடினாலோ அது அவசரம். மூன்றும் சேர்ந்து வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இன்னொன்று, நம் பக்கத்தில் எதற்கெடுத்தாலும் ‘ஒரு பாட்டில் ஏத்துங்க’ என்று கேட்கிற வழக்கம். சர்க்கரையை எரிக்கவே தயமின் வேண்டும். அது தீர்ந்துபோன உடம்பில் வெறும் குளுக்கோஸை ஏற்றினால் நிலைமை இன்னும் மோசமாகலாம். அதனால் ‘இவர் குடிப்பார், இத்தனை நாளாகச் சாப்பிடவில்லை’ என்பதைக் கூச்சப்படாமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தயமின் ஊசி விலை அதிகமுள்ளது ஒன்றும் இல்லை.

அடுத்த சந்தேகம், நடிக்கிறாரோ என்பது. நினைவு ஒரே பெட்டியில் இல்லை என்பது தெரியாததால் வருவது அது. ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு 1953இல், 27 வயதில், வலிப்புக்காக மூளையின் இரண்டு பக்கமும், நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியில் பெரும்பங்கை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு 2008இல் இறக்கும்வரை புதிய சம்பவம் எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. ஆனால் பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையச் சொன்னபோது, ஒவ்வொரு நாளும் அது முதல்முறை என்றே நினைத்தவருக்குக் கை மட்டும் நாளுக்கு நாள் தேறிக்கொண்டே வந்தது. இதைப் பார்க்க நாம் அமெரிக்கா போக வேண்டாம். மறதி முற்றி, பேரனை அண்ணன் என்று கூப்பிடும் ஒரு பாட்டி, மடியில் முறத்தை வைத்துவிட்டால் ஈரத்துணியிலிருந்து இலையை எடுத்து, அளவுத் தகட்டை வைத்துக் கத்தரித்து, தூள் பரப்பி உருட்டி, நூல் சுற்றி, முனையை நகத்தால் மடக்கிவிடுவார். ஒரு பீடி கோணலாக இருக்காது. “பீடி சுத்தத் தெரியுது, என் பேர் தெரியலையாமா?” என்று மருமகள் கோபப்பட்டார். பாவம், அவருக்கும் யாரும் சொல்லவில்லை.

தலையில் இன்னொரு அடி பட்டால் நினைவு திரும்பும் என்பது சுத்தக் கதை. பைக்கிலிருந்து விழுந்தவருக்கு அந்தச் சில மணி நேரம் கடைசிவரை வராமலே போகலாம், பதிவே ஆகாததை எங்கிருந்து எடுப்பது? வயதானவர் பாத்ரூமில் லேசாக வழுக்கி விழுந்து, சில வாரம் கழித்துக் குழம்ப ஆரம்பித்தால் மூளை உறைக்குக் கீழே ரத்தம் கசிந்து தேங்கியிருக்கலாம். ஸ்கேனில் தெரியும், பலருக்கு அதை வெளியேற்றினால் சரியாகிவிடும். ரத்தத்தில் சோடியம் குறைவு, தைராய்டு கோளாறு, வைட்டமின் பி12 குறைவு எல்லாம் அதற்குப் பிறகு நாங்கள் தேடும் காரணங்கள். அறுபதை ஒட்டியவர் திடீரென்று “நான் எப்படி இங்க வந்தேன்?” என்று திரும்பத் திரும்பக் கேட்டு, ஒரு நாளுக்குள் தானாகவே தெளிந்துவிடுவதும் உண்டு, ஆனால் பக்கவாதமோ வலிப்போ இல்லை என்று உறுதிசெய்ய உடனே ஆஸ்பத்திரி போயே ஆக வேண்டும்.

சரி, மனம் தாங்காமல் மறப்பது உண்மையிலேயே இல்லையா? உண்டு, அபூர்வமாக. 1887இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டைச் சேர்ந்த ஆன்செல் போர்ன் என்ற போதகர் காணாமல் போய், வேறு பெயரில், பென்சில்வேனியாவின் நாரிஸ்டவுனில் சின்னக் கடை வைத்திருந்து, ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் ‘நான் எங்கே இருக்கிறேன்?’ என்று விழித்தார். நம் பக்கத்தில், காட்பாடி ஜங்ஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரைப் போலீஸார் கொண்டுவந்து சேர்த்தார்கள். மடிப்புக் கலையாத சட்டை, காயம் கிடையாது, ரயில் டைம் டேபிளை வாசிக்கிறார், கணக்குப் போடுகிறார், தன் பெயர் மட்டும் தெரியவில்லை. ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்தன. பிறகுதான் மனைவி வந்தார். மனிதர் ஏலச்சீட்டு நடத்தியிருக்கிறார், முதலிலேயே சீட்டை எடுத்தவர்கள் பணம் கட்டாமல் நழுவிவிட, கட்டியவர்கள் வாசலில் வந்து நின்று, மாமனார் முன்னாலேயே கேட்கக் கூடாததைக் கேட்டிருக்கிறார்கள். இதுதான் அந்த ‘இருண்ட கடந்தகாலம்’. படத்தில் ரகசியம் பார்ப்பவருக்கும் தெரியாது, இங்கே தெருவுக்கே தெரியும்.

மைத்துனர் கேட்டார்: “ஹிப்னாடிசம் பண்ணி வரவெச்சுடலாமே மேடம்?” இல்லாவிட்டால் உண்மை சொல்லவைக்கும் ஊசி. அப்படி ஒரு ஊசி கிடையாது. அரை மயக்கத்தில் இருப்பவர் கேட்கிறவர் விரும்புவதையும் சேர்த்தே சொல்வார். சம்மதமில்லாமல் இப்படி ஊசி போட்டு விசாரிக்கும் சோதனையை யாருக்கும் செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010இல் செல்வி வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. எலிசபெத் லாஃப்டஸ் என்ற உளவியலாளர் 1995இல் வெளியிட்ட ஆய்வில், சின்ன வயதில் கடைத்தெருவில் தொலைந்துபோனதாக ஒரு பொய்ச் சம்பவத்தைச் சொன்னதும், 24 பேரில் கால்வாசிப் பேர் அதை முழுசாகவோ கொஞ்சமாகவோ ‘நினைவுபடுத்தி’விட்டார்கள். தோண்டித் தோண்டிக் கேட்கிற மைத்துனர் ஒரு கொலையையே நட்டுவிட முடியும்.

அந்தச் சீட்டுக்காரருக்கு நாங்கள் செய்தது தூக்கம், சாப்பாடு, கடன்காரர் கண்ணில் படாத ஒரு கட்டில், அவ்வளவுதான். சில நாளில் துண்டு துண்டாக வந்தது. வீட்டில் எல்லாரும் நிம்மதியாக மூச்சு விடுகிற அந்தக் கட்டத்தில்தான் எனக்குப் பயம் ஆரம்பிக்கும், ஏனென்றால் நினைவோடு கடனும் அவமானமும் சேர்ந்தே திரும்புகிறது, தற்கொலை எண்ணம் தலைதூக்குவது அப்போதுதான். தனியாக விடாதீர்கள். ‘செத்துடலாம்னு தோணுதா?’ என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. நடு ராத்திரி என்றாலும் 14416, அரசின் இலவச மனநல உதவியான டெலி மானஸ் எண், தமிழிலேயே பேசலாம்.

அழைத்து வரும்போது பயன்படுத்தும் எல்லா மாத்திரை அட்டைகளையும், தூக்க மாத்திரை இருந்தால் அதையும், ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். அவரைக் கடைசியாக நல்லபடியாகப் பார்த்தவர் கூட வரட்டும். எந்த மாவட்டம் என்று கேட்டதும் தாத்தா ‘வட ஆற்காடு’ என்று பழைய பெயரைச் சொன்னால் பதற வேண்டாம், என் அம்மாவும் அப்படித்தான் சொல்கிறார். ராணிப்பேட்டை தனி மாவட்டமானதே 2019இல்தானே, அதற்கெல்லாம் நான் மார்க் குறைப்பதில்லை.