ராஜினாமாக் கடிதம் கொடுக்க முதல்

மேலதிகாரியின் தொல்லை தாங்கேலாமல் என்னிடம் சட்ட ஆலோசனைக்கு வருகிறவர்களில் கனபேர், வேலையை விட்ட பிறகுதான் வருகிறார்கள். மட்டக்களப்பு நகரத்து நிதி நிறுவனம், ஆடைத் தொழிற்சாலை, பாசிக்குடாப் பக்கத்து ஹோட்டல், கல்முனையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி என்று இடம் எதுவானாலும் சொல்லும் கதையில் பெரிய வித்தியாசம் இல்லை. எல்லாருக்கும் முன்னால் கத்துவது, லீவு கேட்டால் மறுப்பது, செய்யேலாத இலக்கைத் தலையில் கட்டுவது. கடைசியில் ஒரு நாள், "விருப்பமில்லாட்டி எழுதிக் குடுத்திட்டுப் போங்க" என்று ஒரு தாளை நீட்டுவது. வீட்டிலும், "மானம் கெட்டு அங்க இருக்கத் தேவையில்ல, விட்டிட்டு வா மகள்" என்பார்கள். பிள்ளை எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடும்.

அந்தக் கடிதத்தை ஏன் உங்கள் கையாலேயே வாங்கப் பார்க்கிறார்கள் என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். ஊழியரை வேலையிலிருந்து நிறுத்துவது பற்றிய இலங்கையின் 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், 180 நாட்களுக்கு மேல் வேலை செய்த ஒருவரை ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்துவதென்றால், அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இல்லாவிட்டால் தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். ஒழுக்காற்றுக் காரணம் என்றாலும், நிறுத்தி இரண்டாவது வேலைநாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். இந்தச் சிக்கல் ஒன்றும் இல்லாமல் ஆளை அனுப்ப ஒரே சுலபமான வழி, ஆள் தானாகப் போவதுதான். ஆகவே மனேஜரின் கத்தல் எல்லாம் வெறும் கோபக் குணம் என்று நான் நம்புவதில்லை. பல இடங்களில் அது திட்டம் போட்டுச் செய்யும் வேலை.

களுவாஞ்சிகுடிப் பக்கத்துப் பிள்ளை ஒருவரின் விடயத்தைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விபரங்களை மாற்றியிருக்கிறேன். கடன் கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் வெளிக்கள உத்தியோகத்தர். முதலில் இரவில் மனேஜரிடமிருந்து, "சாப்பிட்டீங்களா", "தனியவா இருக்கீங்க" என்று வட்ஸ்அப் செய்திகள். இவர் பதில் போடவில்லை. அடுத்த மாதத்திலிருந்து காலைக் கூட்டத்தில் இவரை மட்டும் எழுப்பி நிற்க வைத்து ஏச்சு. இவருடைய அறவீட்டுத் தாளில் சிவப்பு வட்டம் போட்டுப் படம் எடுத்து, கிளையின் வட்ஸ்அப் குழுவில் மனேஜர் எல்லாரும் பார்க்கப் போடுவார். பின்னேரம் மூன்று மணிக்கு வாகரைப் பக்கம் போகச் சொல்வார். திரும்பி வர பஸ் இருக்குமா என்று கேட்பதில்லை. என்னிடம் வந்தபோது அவர் கையில் ஒரு தாள் இருந்தது. "எனது சொந்தக் காரணங்களின் நிமித்தம், எனது முழு விருப்பத்துடன் பதவி விலகுகிறேன்." அலுவலகத்திலேயே டைப் செய்து கொடுத்திருக்கிறார்கள். கையொப்பத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

"மகள், இதை இன்னும் குடுக்கல்லையே?" என்றுதான் முதலில் கேட்டேன். கொடுக்கவில்லை. அவருடைய சேவைக்காலம் 4 வருடமும் 9 மாதமும். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாத நிறுவனத்தில் 5 வருடம் முடித்தால்தான் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை கிடைக்கும். அந்தத் தாளில் கையொப்பம் வைத்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

அன்றைக்கே ஒரு கொப்பி வாங்கச் சொன்னேன். திகதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை அப்படியே, பக்கத்தில் நின்றது யார். "சேர் ஏசினார்" என்று எழுதினால் போதாது; என்ன சொல்லி ஏசினார் என்று எழுத வேண்டும், எழுதக் கூசுகிற வார்த்தையாக இருந்தாலும். வட்ஸ்அப் செய்திகளை ஆத்திரத்தில் அழித்துவிடாதீர்கள். ஸ்கிரீன்ஷொட் எடுங்கள், ஆனால் செய்தி வந்த போனையும் பத்திரமாக வைத்திருங்கள்; குரல் பதிவு இருந்தால் வெட்டி ஒட்டாமல் முழுதாக வைத்திருங்கள். பிறகு தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் ஒரு முறைப்பாடு. தபால் பற்றுச்சீட்டைக் கடிதத்தின் பிரதியோடு சேர்த்துப் பின் பண்ணி வையுங்கள். நேரே கொடுப்பதென்றால் பிரதியில் "கிடைத்தது" என்று திகதியோடு கையொப்பம் வாங்குங்கள். வாயால் சொன்ன முறைப்பாட்டை ஆறு மாதத்துக்குப் பிறகு ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது.

அந்தப் பிள்ளையின் விடயத்தில் விசாரணை வைத்தார்கள், மனேஜரை வேறு கிளைக்கு மாற்றினார்கள், பிள்ளை வேலையில் இருக்கிறார். முழு நீதி என்று இதை நான் சொல்லமாட்டேன். அந்த ஆள் போன இடத்திலும் பெண்கள் வேலை செய்கிறார்கள்.

கத்துகிற மனேஜருக்கென்று தனியாக ஒரு சட்டம் எங்கள் நாட்டில் இல்லை. ஆனால் அந்த இரவுச் செய்திகளின் கதை வேறு. தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவு, 1995 இல் திருத்தியபடி, வார்த்தையாலோ செயலாலோ செய்யும் பாலியல் தொந்தரவையும் குற்றமாக்குகிறது. அதிகாரத்தில் இருப்பவர் வேலைத்தளத்திலோ வேறு இடத்திலோ, விரும்பாத ஒருவரிடம் அப்படி நடந்தாலும் குற்றம்தான். 5 வருடம் வரை சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும், நட்டஈடும் கட்டளையிடலாம். தொந்தரவுக்கு ஆளானவர் ஆணாக இருந்தாலும் இது பொருந்தும். பொலிஸ் நிலையத்தில் சிறுவர், பெண்கள் பிரிவில் முறைப்பாடு செய்யலாம். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். அம்பாறைப் பக்கம் சிங்களத்தில் எழுதி நீட்டினால், வாசித்து விளங்காத தாளில் கையொப்பம் வைக்காதீர்கள். 1938 என்ற இலக்கத்தில் பெண்களுக்கான உதவிச் சேவையும் இருக்கிறது.

அரச அலுவலகமென்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அலுவலகம் உண்டு. அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றத்துக்குப் போவதாயின் ஒரு மாதம்தான் அவகாசம். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்தால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது.

சின்னக் கடைகளில் வேலை செய்கிறவர்கள், "எங்களுக்கு எந்தச் சட்டமும் இல்லை" என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிழை. 15 பேருக்குக் குறைவென்றால் 1971 ஆம் ஆண்டுச் சட்டமும் மேலே சொன்ன பணிக்கொடைக் கணக்கும் பொருந்தாது, அவ்வளவுதான். வேலையிலிருந்து நிறுத்தினால் 6 மாதத்துக்குள், வேலைப் பிணக்குகளை விசாரிக்கும் தொழில் நியாயசபைக்கு விண்ணப்பிக்கலாம். "பேசித் தீர்ப்பம் தம்பி, கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிச் சொல்லியே அந்த ஆறு மாதத்தையும் கடத்திவிடுகிற முதலாளிமார் இருக்கிறார்கள். பேசுங்கள், ஆனால் திகதியை எண்ணிக்கொண்டே பேசுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் உங்கள் பங்கு 8 வீதமும் முதலாளியின் பங்கு 12 வீதமும் போகிறதா என்பதையும் இந்தச் சாட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

கடிதத்தைக் கொடுத்தாகிவிட்டதென்றாலும் கைவிட வேண்டாம். நிறுவனம், "நாங்கள் நிறுத்தவில்லை, அவராகத்தான் போனார்" என்று சொல்லும். அப்போது, விலக வைத்தார்கள் என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் மேல் விழும். அதனால் தாமதிக்காமல், முடிந்தால் அடுத்த நாளே, யார் எந்த அறையில் வைத்து என்ன சொல்லிக் கையொப்பம் வாங்கினார்கள் என்று எழுதி, கடிதத்தை மீளப்பெறுவதாகப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வழக்கமான நேரத்துக்கு வேலைக்குப் போங்கள். வாசலில் மறித்தால், மறித்தவர் யார், நேரம் என்ன என்று குறித்துக்கொண்டு, நேரே பொலிஸுக்குப் போய் ஒரு பதிவு போட்டு, அதன் பிரதியோடு தொழில் திணைக்களத்துக்குப் போங்கள்.