ஷேடோ டாக்கெட்: எந்த நிழல்?

அமெரிக்க உச்ச நீதிமன்றச் செய்திகளைப் படிப்பவர்களுக்கு 'ஷேடோ டாக்கெட்' பழகிய தொடர்தான். அப்படியே தமிழில் போட்டால் 'நிழல் பட்டியல்'. சரிதான், ஆனால் எங்கோ இடிக்கிறது.

தொடரை 2015இல் உருவாக்கியவர் சிகாகோ பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் வில்லியம் போட். அந்த நீதிமன்றம் நேரில் வாதம் கேட்டு, விரிவாகத் தீர்ப்பு எழுதுவது ஆண்டுக்கு ஏறத்தாழ 60, 70 வழக்குகளில்தான். மற்றபடி தடையாணை, மனுத் தள்ளுபடி, மரண தண்டனைக்கு முந்தைய கடைசி நேர மனு எல்லாம் வாய்வாதமின்றி, பெரும்பாலும் காரணமோ கையொப்பமோ இன்றி முடிந்துவிடும். இவ்வளவுக்கும் சேர்த்து அவர் வைத்த பெயர் அது.

2016 பிப்ரவரி 9 அன்று வந்த ஆணையைப் பாருங்கள். மின் நிலையங்களின் கரியுமிழ்வைக் குறைக்க ஒபாமா அரசு போட்ட விதிகள் 5-க்கு 4 என்ற கணக்கில் நிறுத்தப்பட்டன. கீழ் நீதிமன்றம் அப்போது தீர்ப்பே சொல்லியிருக்கவில்லை. ஏன் நிறுத்தினார்கள்? ஒரு வரிகூட இல்லை. உடன்படாத நால்வரின் பெயர் மட்டும் இருந்தது.

2021இல் டெக்சஸ் கருக்கலைப்புச் சட்ட வழக்கின் மாறுபட்ட தீர்ப்பில் நீதிபதி எலினா கேகன் இதே தொடரை எடுத்தாண்டார். அதே மாதம் நீதிபதி சாமுவேல் அலிட்டோ, ஏதோ சதி நடப்பதுபோல் காட்டும் பெயர் என்று ஓர் உரையில் சாடினார். பேராசிரியர் வைத்த பெயர் அதற்குள் வசைச்சொல் ஆகியிருந்தது.

'டாக்கெட்' எங்கிருந்து வந்தது என்பது ஆங்கிலத்திலேயே தெளிவில்லை. முதலில் ஆவணத்தின் சுருக்கக் குறிப்பு; வழக்குப் பட்டியல் என்ற பொருள் பிறகு வந்தது. கேஸ் கட்டில் எழுதும் சிற்றாணையை நம் ஊர் கோர்ட்டில் 'டாக்கெட் ஆர்டர்' என்கிறார்களே, அது பழைய பொருளுக்குத்தான் பக்கம்.

அப்புறம் 'நிழல்'. தமிழில் அது குடைநிழல், ஒதுங்கும் இடம். 'நிழல் உலகம்' என்றால் மட்டும் ரவுடிகள். இரண்டு வாடையும் இருப்பதால் சொல்லை மாற்ற வேண்டாம் என்பேன். மாற வேண்டியது 'பட்டியல்'. சர்ச்சை பட்டியலைப் பற்றியது அல்ல, ஆணையைப் பற்றியது. 'நிழலாணை' என்றால் போதும். 'இடைக்கால ஆணை' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்: வாதமே கேட்காமல் கீழ்த் தீர்ப்பை ஒரேயடியாகப் புரட்டிப்போடும் ஆணைகளும் இதில் உண்டு. பேராசிரியர் தன் கட்டுரையில் அதிகம் குடைந்ததும் அவற்றைத்தான்.