குளிர் ஊரில் கொதிக்கும் லேப்டாப்

தலைகுந்தாவில் புல்வெளி முழுவதும் உறைபனி படிந்திருந்த ஒரு ஜனவரிக் காலையில், கோத்தகிரியிலிருந்து ஒரு தந்தையும் கல்லூரியில் படிக்கும் அவருடைய மகனும், நான்கு ஆண்டுகள் உழைத்த கேமிங் லேப்டாப் ஒன்றை உதகையிலுள்ள என் சர்வீஸ் கடைக்குக் கொண்டுவந்தார்கள். விளையாட்டைத் தொடங்கி இருபது நிமிடங்களுக்குள் தானாகவே அணைந்துவிடுகிறது என்றார் மகன். தந்தைக்கு அதில் நம்பிக்கை இல்லை. "தம்பி, எங்க வீட்டுல மே மாசத்துலகூட ஃபேன் போடறதில்ல. இந்தக் குளிர்ல இது எப்படிச் சூடாகும்? போர்டுதான் போயிருக்கணும்," என்றார்.

மலையில் இந்தத் தொழிலைச் செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஆனால் கேமிங் லேப்டாப்பின் வெப்பத்தை அறையின் குளிர் அந்த அளவுக்குத் தீர்மானிப்பதில்லை. இன்றைய பிராசஸர்கள் இடம் கிடைத்த அளவுக்குத் தம் வேகத்தைத் தாமே உயர்த்திக்கொள்ளும் வகையில் வடிவமைக்கப்பட்டவை. இவற்றில் பலவற்றுக்கு 95 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை உச்ச வரம்பு வைக்கப்பட்டிருக்கிறது. அந்த வரம்பை நெருங்கும்வரை அதிக மின்சாரத்தை எடுத்து வேகமாக ஓடும். நெருங்கியதும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே ஒரே லேப்டாப் கோயம்புத்தூரிலும் 95 காட்டலாம், உதகையிலும் 95 காட்டலாம். அந்த 95 டிகிரியில் அது எவ்வளவு வேலை செய்கிறது என்பதில்தான் வேறுபாடு. வெப்பநிலை எண்ணை மட்டும் பார்த்துவிட்டு முடிவுக்கு வருபவர்கள் பெரும்பாலும் தவறான முடிவுக்கே வருகிறார்கள். பக்கத்திலேயே கிளாக் வேகத்தையும் (பிராசஸர் ஓடும் வேகம்) அது எடுக்கும் வாட் கணக்கையும் வைத்துப் பார்த்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

மலைக்கென்று இன்னொரு சங்கதியும் இருக்கிறது. உதகை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்குள்ள காற்றழுத்தம் கடற்கரை ஊர்களில் உள்ளதில் சுமார் நான்கில் மூன்று பங்குதான். லேப்டாப்பின் விசிறி ஒரு சுற்றில் தள்ளும் காற்றின் கன அளவு மாறுவதில்லை என்றாலும், அந்தக் காற்று மெலிந்திருப்பதால் அது சுமந்து செல்லும் வெப்பம் குறைகிறது. இதனால்தான் சில வகைச் சர்வர் கணினிகளின் கையேடுகள், 900 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் அறை வெப்பநிலையின் உச்ச வரம்பை ஒரு டிகிரி குறைத்துக் கணக்கிடச் சொல்கின்றன. அந்தக் கணக்கை உதகைக்குப் போட்டுப் பார்த்தால் நான்கு டிகிரிக்கு மேல் வருகிறது. குளிர் கொடுப்பதில் ஒரு பகுதியை உயரம் எடுத்துக்கொள்கிறது என்று வாடிக்கையாளர்களிடம் சொல்வேன்.

கோத்தகிரி லேப்டாப்பைத் திறப்பதற்கு முன், இயக்கிய நிலையிலேயே அரை மணி நேரம் கவனித்தேன். எச்டபிள்யூ இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் ஒன்று போதும். வீட்டிலேயே எவரும் செய்து பார்க்கலாம். சுமை கொடுத்த கணத்திலிருந்து வெப்பநிலை எப்படி ஏறுகிறது என்பதே முதலில் பார்க்க வேண்டியது. 50 டிகிரியில் இருந்த எண் மூன்று நான்கு நொடிகளில் 97-க்குத் தாவி, சுமையை நிறுத்தியவுடன் அதே வேகத்தில் கீழே விழுந்தால், சிப்பிலிருந்து, அதன் வெப்பத்தை வாங்கி வெளியேற்றும் செம்பு அமைப்பான ஹீட் சிங்குக்கு வெப்பம் போய்ச் சேரவில்லை என்று பொருள். இரண்டுக்கும் இடையில் தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், அல்லது ஹீட் சிங்க் சரியாக அமர்ந்திருக்காது. மாறாக, பத்துப் பதினைந்து நிமிடங்களில் மெல்ல மெல்ல ஏறி, நிறுத்திய பிறகும் வெகுநேரம் இறங்காமல் இருந்தால், வெப்பம் ஹீட் சிங்குக்குப் போய்விட்டது, அங்கிருந்து வெளியேற வழியில்லாமல் நிற்கிறது. அது தூசியின் வேலை. இந்த லேப்டாப்பில் இரண்டும் சேர்ந்திருந்தன. கூடவே, பிராசஸருக்குள் தனித்தனியே கணக்கிடும் பகுதிகளான கோர்களில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடையில் 18 டிகிரி வேறுபாடு இருந்தது. கிளாக் வேகம் 1.8 கிகாஹெர்ட்ஸுக்குச் சரிந்திருந்தது. கோர்களுக்கு இடையில் இவ்வளவு இடைவெளி தெரிந்தால், சிப்பின் ஒரு பகுதியில் பேஸ்ட் இருக்கிறது, இன்னொரு பகுதியில் இல்லை என்று திறக்காமலேயே சந்தேகிக்கலாம்.

கீழ் மூடியைக் கழற்றி, வேறு எதையும் தொடுவதற்கு முன் பேட்டரி இணைப்பைப் பிரித்தேன். விசிறிகளை எடுத்ததும், விசிறிக்கும் செம்புத் தகடுகளுக்கும் இடையில் விரல் அகலத்துக்கு ஒரு படலம் அடைத்திருந்தது தெரிந்தது. சமவெளியில் சேர்வது பெரும்பாலும் உதிரும் மண் தூசி, ஊதினால் போய்விடும். இங்கே சேர்வது வேறு. ஸ்வெட்டர், சால்வை, கம்பளி, தரைவிரிப்பு ஆகியவற்றின் இழைகள் ஈரக் காற்றோடு கலந்து, நமுத்த பஞ்சுமெத்தைபோல் இறுகிவிடுகின்றன. தேயிலைத் தொழிற்சாலைகளை ஒட்டிய குடியிருப்புகளிலிருந்து வரும் லேப்டாப்களில் தேயிலையின் பழுப்புப் பஞ்சும் சேர்ந்திருக்கும். நான் இடுக்கியால் உரித்து எடுத்தது மெரூன் நிறத்தில், கிழியாமல் ஒரே துண்டாக வந்தது. மகன் அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். லேப்டாப்பைச் சுற்றிக் கொண்டுவந்த கம்பளியும் அதே மெரூன் நிறம்தான். இரவில் படுக்கையில் அந்தக் கம்பளியின் மீது வைத்தே விளையாடுவாராம். அடிப்பக்கத் துளைகள் முழுவதும் கம்பளியில் புதைந்திருக்க, விசிறி இழுத்ததெல்லாம் அதன் இழைகளைத்தான்.

ஹீட் சிங்கைத் தூக்குவதில் மலைப் பகுதியில் கூடுதல் கவனம் வேண்டும். காய்ந்த பேஸ்ட் குளிரில் பசைபோல் பிடித்துக்கொள்ளும். இழுத்துப் பெயர்த்தால் சிப்பின் விளிம்பு உடையலாம், அல்லது வெப்பக் குழாய் வளைந்துவிடலாம். அந்தக் குழாய் வெறும் செம்புக் கம்பி அன்று. உள்ளே குறைந்த அழுத்தத்தில் சிறிதளவு திரவம் அடைக்கப்பட்டிருக்கிறது, அது சூடான முனையில் ஆவியாகி, குளிர்ந்த முனையில் மீண்டும் நீராகித் திரும்பி ஓடுகிறது. நசுங்கிய குழாயைச் சரிசெய்ய முடியாது. எனவே திறப்பதற்கு முன் லேப்டாப்பைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி அணைத்துவிட்டு, ஸ்க்ரூக்களுக்கு அருகில் அச்சிட்டிருக்கும் எண்களின் இறங்கு வரிசையில் சிறிது சிறிதாகத் தளர்த்துவது என் வழக்கம்.

தூக்கிப் பார்த்தபோது, பிராசஸரின் நடுப்பகுதி கண்ணாடிபோல் வெறுமையாகப் பளபளத்தது. பேஸ்ட் அனைத்தும் ஓரத்தில் சாம்பல் நிறக் கரையாக ஒதுங்கி, நகத்தால் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. மேசைக் கணினியின் பிராசஸருக்கு மேல் ஓர் உலோக மூடி உண்டு. லேப்டாப்பில் அது இல்லை, சிலிக்கான் சிப்பே நேரடியாக ஹீட் சிங்கைத் தொடுகிறது. ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் சிலிக்கானும் செம்பும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால், இடையிலுள்ள பேஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளப்படுகிறது. காலையில் 12 டிகிரி அறையில் கிடந்த லேப்டாப்பை எடுத்து ஐந்தே நிமிடங்களில் 95-க்குக் கொண்டுபோகும் நம் ஊரில், அந்த விரிவும் சுருக்கமும் சமவெளியைவிட அதிகம் என்பது என் எண்ணம்.

தெர்மல் பேஸ்ட் என்பது குளிர்விக்கும் மருந்து என்று பலர் நினைக்கிறார்கள். அது வெறும் இட்டு நிரப்பும் பொருள். சிப்பும் செம்பும் வழவழப்பாகத் தெரிந்தாலும், நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டும் மலையும் பள்ளத்தாக்குமாக இருக்கும். அந்தப் பள்ளங்களில் காற்று தங்கினால் வெப்பம் கடக்காது. காற்றின் வெப்பக் கடத்துத்திறன் 0.026 அளவு, செம்புக்கு அது 400, நல்ல பேஸ்ட்டுகளின் உறையில் 5 முதல் 12 வரை போட்டிருப்பார்கள். காற்றோடு ஒப்பிட்டால் பேஸ்ட் பெரிய முன்னேற்றம், செம்போடு ஒப்பிட்டால் அது ஒரு தடை. ஆகவே அது சிப் முழுவதையும் மூட வேண்டும், அதே சமயம் மெல்லியதாகவும் இருக்க வேண்டும். ரேடியோ பழுதுபார்ப்போர் டிரான்சிஸ்டருக்குத் தடவும் மலிவான வெள்ளைப் பசையை லேப்டாப்பில் அப்பி அனுப்பியிருப்பதை நான் பலமுறை வழித்தெடுத்திருக்கிறேன்; டிரான்சிஸ்டருக்கு அது போதும், கட்டைவிரல் நக அளவுள்ள சிப்பிலிருந்து ஐம்பது அறுபது வாட் வெப்பம் கடக்க அது போதாது.

பழைய பேஸ்ட்டை 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, பஞ்சு உதிராத துணியால் துடைக்க வேண்டும். ஆல்கஹால் ஆவியாகும்போது உலோகத்தைக் குளிர்விக்கும்; மேகம் வீட்டுக்குள் புகுந்து திரியும் மழை மாதங்களில், அந்தக் குளிர்ந்த செம்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப் படலம் படியக்கூடும். பத்து நிமிடம் பொறுத்து, உலர்ந்த துணியால் இன்னொரு முறை துடைத்துவிட்டே நான் புதுப் பேஸ்ட்டை எடுப்பேன். பேஸ்ட்டும் குளிரில் கெட்டியாகிப் பரவ மறுக்கும். அடம்பிடிக்கும் குழாயைச் சட்டைப் பையில் கால் மணி நேரம் வைத்திருந்தால் இளகிவிடும். நடுவில் ஒரு பட்டாணி வைத்து அழுத்தினால் போதும் என்ற அறிவுரை உலோக மூடியுள்ள மேசைக் கணினிக்குப் பொருந்தும். மூடியில்லாத சிப்பில் மூலைகள் விடுபட்டால் அந்த மூலையிலுள்ள கோர் தனியே கொதிக்கும் என்பதால், சிறு பிளாஸ்டிக் அட்டையால் முழுப் பரப்பிலும் சீராகத் தடவிவிடுவதே நல்லது.

அந்த லேப்டாப்பின் பிராசஸருக்கும் கிராஃபிக்ஸ் சிப்புக்கும் நான் பேஸ்ட்டுக்குப் பதிலாக, ஹனிவெல் பிடிஎம் 7950 என்ற, சுமார் 45 டிகிரியில் இளகும் தாளை வைத்தேன். சூடாகும்போது மென்மையாகிப் பள்ளங்களை நிரப்பும் இது, பேஸ்ட்டைப்போல் எளிதில் வெளியே தள்ளப்படுவதில்லை. மிக மெல்லிய பேஸ்ட்டுகள் முதல் வாரத்தில் அருமையான எண்களைக் காட்டிவிட்டு, லேப்டாப்பில் சில மாதங்களிலேயே சோர்ந்துபோவதைப் பார்த்த பிறகு, கேமிங் லேப்டாப்களுக்கு இந்தத் தாளையோ சற்றுக் கெட்டியான பேஸ்ட்டையோதான் விரும்புகிறேன். தாளின் பாதுகாப்புப் படலம் ஒட்டிக்கொள்ளாமல் உரிய, சமவெளியில் அதை ஃபிரிட்ஜில் வைத்து எடுப்பார்கள். உதகையில் அதற்கு ஜன்னல் ஓரமே போதும். மலை நமக்குச் செய்யும் ஒரே உபகாரம்.

என் தவறு ஒன்றையும் இங்கே எழுத வேண்டும். தொழிலின் தொடக்க ஆண்டுகளில், கிராஃபிக்ஸ் சிப்பைச் சுற்றியுள்ள மெமரி சில்லுகளின் மேல் கிழிந்திருந்த தெர்மல் பேட்களை, அதாவது வெப்பம் கடத்தும் மெத்தைத் துண்டுகளை, மாற்றும்போது, 0.5 மில்லிமீட்டர் பேட் இருந்த இடத்தில், கையில் இருந்தது என்பதற்காக 1 மில்லிமீட்டர் பேட்டை வைத்துவிட்டேன். பேட் ஹீட் சிங்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டதால், புதுப் பேஸ்ட் தடவிய சிப்பை அது தொடவே இல்லை. விளையாட்டைத் திறந்தவுடன் பழைய நிலையைவிட மோசமாகச் சூடேறியது. வாடிக்கையாளர் எதிரில் மீண்டும் பிரித்தபோது, நான் தடவிய பேஸ்ட் தடவியபடியே, எதன் மேலும் அழுந்தாமல் இருந்தது. அன்றிலிருந்து பழைய பேட்டைக் காலிப்பரால் அளக்காமல் எறிவதில்லை.

சிலவற்றை வீட்டில் முயலவே கூடாது. மூடியைத் திறந்ததும் சிப்பைச் சுற்றிப் பாதரசம்போல் வெள்ளியாக மின்னும் திரவம் தெரிந்தால் அது திரவ உலோகம். சில கேமிங் லேப்டாப்களில் தொழிற்சாலையிலேயே இதைத் தடவி அனுப்புகிறார்கள். அதிலுள்ள காலியம் அலுமினியத்தை அரிக்கும், ஒரு துளி போர்டில் சிந்தினால் ஷார்ட் ஆகும். அதைப் பார்த்தால் மூடியை மூடி, பழகிய கைகளிடம் கொடுத்துவிட வேண்டும். டச்பேட் மேலெழும்பியிருந்தால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கக்கூடும். அப்போது பேஸ்ட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் பேட்டரியை மாற்ற வேண்டும். காற்று ஊதும்போது விசிறி இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையெனில் அளவு மீறிச் சுழன்று பேரிங் கெட்டுவிடும். வாரண்டி இருக்கும் லேப்டாப் என்றால், திறப்பதற்கு முன் நிறுவனத்திடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இரவெல்லாம் வெளியே நின்ற காரில் கிடந்த லேப்டாப்பை, ரூம் ஹீட்டர் எரியும் அறைக்குக் கொண்டுவந்த கையோடு இயக்குவதும் ஆபத்துதான். உதகைக் குளிரோடு மேட்டுப்பாளையத்தின் ஈர வெக்கைக்கு இறங்கும்போதும் அப்படியே. குளிர்ந்த உலோகத்தின் மேல் வெளிக் காற்றின் ஈரம் பனித்துளியாகப் படியும். பையைத் திறக்காமலேயே ஒரு மணி நேரம் விட்டுவிட்டால் தீர்ந்துபோகும் சிக்கல் இது.

கோத்தகிரி லேப்டாப்பை மாலையில் திரும்ப ஓட்டினோம். முழுச் சுமையில் முக்கால் மணி நேரம் கழித்து 87 டிகிரி காட்டியது. தந்தையின் முகம் சுருங்கியது. இவ்வளவு செய்தும் பத்து டிகிரிதானா என்று கேட்டார். பக்கத்துக் கட்டத்தைக் காட்டினேன்: 1.8-ல் கிடந்த கிளாக் வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸில் அசையாமல் நின்றது. 24 வாட்டில் மூச்சு வாங்கிய பிராசஸர் 55 வாட் எடுத்துக்கொண்டிருந்தது. கோர்களுக்கு இடையிலான வேறுபாடு 18-லிருந்து 5 டிகிரிக்கு வந்திருந்தது. இரண்டு மடங்குக்கு மேல் சுமையைத் தூக்கிக்கொண்டு பத்து டிகிரி குறைவாக நிற்கிறது என்று சொன்ன பிறகுதான் பணத்தை எடுத்தார். மகனிடம், விளையாட்டின் ஃபிரேம் எண்ணிக்கையை (நொடிக்கு எத்தனை படங்கள் என்பதை)த் திரைக்குத் தேவையான அளவோடு நிறுத்திக்கொண்டால் இன்னும் குறையும் என்று சொல்லி, அந்த அமைப்பையும் காட்டிக்கொடுத்தேன். கம்பளிக்கு மாற்றாக, பழைய தேயிலைப் பெட்டியின் பிளைவுட் பலகை ஒன்றை அறுத்து லேப்டாப்புக்கு அடியில் வைத்துத் தருவதாகத் தந்தையே சொன்னார்.

செப்டம்பரில் தூசி பார்ப்பதற்காக மீண்டும் கொண்டுவந்தார்கள். தகடுகளுக்கு இடையில் ஒரு மெரூன் இழைகூட இல்லை. பலகையின் மேல் இப்போது நாய் படுத்துக்கொள்கிறதாம்; விசிறி முழுவதும் வெள்ளை முடி.