ஊருக்கு வர ஒரு விதி, வேலைக்குத் திரும்ப வேறு விதி

கையில் பாஸ்போர்ட் இருக்கிறது, டிக்கெட் போட்டாயிற்று, போவது சொந்த ஊருக்கு. இதற்குமேல் என்ன வேண்டும்? 2020 மார்ச் வரை துபாயில் எங்கள் ஃப்ளாட்டில் இருந்த ஆறு பேரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகு கொரோனாவால் இரண்டு வருடம், அறையில் யார் ஊருக்குக் கிளம்பினாலும் ஃபார்ம் நிரப்பிக் கொடுப்பது என் வேலையாயிற்று. வந்தே பாரத், ஏர் பபிள், ஏர் சுவிதா மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறவர்களை இன்னமும் பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2020 மார்ச் 22 முதல் வழக்கமான பன்னாட்டுப் பயணிகள் விமானங்கள் இந்தியாவில் இறங்குவது நின்றது. அவை பழையபடி ஓடத் தொடங்கியது 2022 மார்ச் 27 அன்று. நடுவில் இருந்த இரண்டு வருடமும் நாம் பறந்தது தற்காலிக ஏற்பாடுகளில்தான்.

முதல் ஏற்பாடு வந்தே பாரத், அதாவது வெளிநாட்டில் சிக்கியவர்களை ஊருக்குக் கொண்டுவர அரசு விட்ட சிறப்பு விமானங்கள். 2020 மே 7 அன்று தொடங்கியது. அபுதாபியிலிருந்து கொச்சிக்கும் துபாயிலிருந்து கோழிக்கோட்டுக்கும் முதல் விமானங்கள் போயின. கடற்படையும் ‘சமுத்ர சேது’ என்ற பெயரில் கப்பல்களை அனுப்பியது. கொழும்பில் சிக்கியிருந்தவர்களை ஐஎன்எஸ் ஜலாஷ்வா ஜூன் தொடக்கத்தில் தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கியது. இந்த விமானங்கள் இலவசம் என்று பலரும் நம்பினார்கள். இல்லை, டிக்கெட் காசு நம்முடையது. தூதரகத்தில் பெயர் பதிய வேண்டும். வேலை போனவர்கள், விசா முடிந்தவர்கள், கர்ப்பிணிகள், முதியவர்கள், அவசர மருத்துவம் தேவைப்படுகிறவர்கள், வீட்டில் சாவு நேர்ந்தவர்கள், மாணவர்கள் ஆகியோருக்கு முன்னுரிமை. வந்து இறங்கியதும் தனிமைப்படுத்தல், அதற்கும் நாமே பணம் கட்ட வேண்டும். முதலில் 14 நாள் விடுதியில் என்று இருந்தது. மே 24-ஆம் தேதி வழிகாட்டலில் 7 நாள் விடுதி, 7 நாள் வீடு என்று மாறியது.

இந்தக் கட்டத்தில் ரொம்பவும் அடிபட்டவர்கள் கைக்குழந்தை வைத்திருந்தவர்கள். அப்பா அம்மா இருவரும் இந்தியக் குடிமக்கள், ஆனால் குழந்தை பிறந்த நாட்டின் குடியுரிமை அதற்கு இருக்கிறது, கையில் ஓசிஐ அட்டை, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினர் விசா இல்லாமல் இந்தியா வர உதவும் அட்டை. மார்ச் 13 முதல் ஓசிஐ அட்டைக்கான விசா இல்லாப் பயணத்தை நிறுத்தி வைத்திருந்ததால், பெற்றோர் ஏறலாம், குழந்தை ஏறக் கூடாது என்ற நிலை வந்தது. மே 22 அன்றுதான் அந்தக் குழந்தைகளுக்கும், குடும்பத்தில் இறப்பு போன்ற அவசரத்துக்கு வரும் ஓசிஐக்காரர்களுக்கும் வழி விட்டார்கள். மற்ற ஓசிஐக்காரர்கள் அக்டோபர் வரை காத்திருந்தார்கள். சுற்றுலா விசாவுக்கு 2021 நவம்பர் ஆயிற்று.

ஏர் பபிள் வந்தது 2020 ஜூலையில். இரண்டு நாடுகள் தங்களுக்குள் பேசி, இரு தரப்பு விமான நிறுவனங்களும் இத்தனை சேவை நடத்தலாம் என்று செய்துகொண்ட ஒப்பந்தம் அது. அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனியில் ஆரம்பித்து அமீரகம் உட்பட ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. இலங்கையுடன் 2021 ஏப்ரலில்தான் முடிவானது. ஒப்பந்தம் இருப்பதால் எல்லோரும் ஏறிவிட முடியாது. யார் யார் ஏறலாம், அங்கே இறங்கி மூன்றாவது நாட்டுக்குப் போகலாமா என்பதெல்லாம் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறியது. இதைச் சரிபார்ப்பவர் குடியுரிமை அதிகாரி என்று நினைத்தால், அதற்கு முன்னாலேயே செக்-இன் கவுன்ட்டரில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இறங்கும் நாட்டின் விதியை ஏற்றும் இடத்திலேயே பார்த்தார்கள்.

சரி, ஏர் சுவிதா என்றால் என்ன? 2020 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் உறுதிமொழிப் படிவம். பாஸ்போர்ட் நகல், ஆர்டி-பிசிஆர் என்ற கொரோனா பரிசோதனை அறிக்கை, எங்கே தங்கப்போகிறோம் என்ற விவரம் எல்லாவற்றையும் அதில் ஏற்ற வேண்டும். நெகட்டிவ் அறிக்கை இருந்தால் விடுதித் தனிமைப்படுத்தலிலிருந்து விலக்கு கேட்கலாம் என்று முதலில் இருந்தது. 2021 பிப்ரவரி 22 முதல், பயணத்துக்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் எடுத்த அறிக்கை கட்டாயமானது.

இதில் நம் ஆட்களைப் படுத்தியது பெயர்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகக் குடும்பப்பெயர் கட்டத்தில் இருக்கும். பரிசோதனைக் கூடத்தில் கேட்டால் பழக்கத்தில் இனிஷியலோடு சொல்லிவிடுவோம். இரண்டும் பொருந்தாது. அதனால் மாதிரி கொடுக்கப் போகும் ஒவ்வொருவரிடமும் பாஸ்போர்ட்டையே கவுன்ட்டரில் நீட்டச் சொல்வேன். பெயர், பாஸ்போர்ட் எண், மாதிரி எடுத்த நேரம் மூன்றையும் அங்கேயே நின்று படித்துவிட்டு வா என்பேன்.

கட்டாய அறிக்கைக்கு ஒரே ஒரு விலக்கு இருந்தது: குடும்பத்தில் இறப்பு. 2021 மார்ச் கடைசியில் அறை நண்பனின் அப்பா பட்டுக்கோட்டைப் பக்கம் கிராமத்தில் இறந்துபோனார். இரவு ஒன்பது மணிக்கு போன் வந்தது. அவன் கட்டிலில் உட்கார்ந்தபடியே இருந்தான். நான் லேப்டாப்பைத் திறந்து விலக்குப் பகுதிக்குப் போனேன். விமானம் ஏறுவதற்குக் குறைந்தது 72 மணி நேரம் முன்பு விண்ணப்பிக்க வேண்டும் என்று அங்கே எழுதியிருந்தது. ஊரில் ஐஸ் பெட்டி வந்தாயிற்று, எப்போது எடுப்பது என்று அண்ணன் கேட்டுக்கொண்டிருக்கிறார். சாவுக்காகவே வைத்த விலக்கில் மூன்று நாள் அவகாசம் கேட்டால் யாருக்கு உதவும்? எனக்கு இன்றும் அந்த வரி மேல் கோபம் உண்டு. விலக்கை விட்டுவிட்டு ராத்திரியே பரிசோதனைக்கு ஓடினோம். அறிக்கை மறுநாள் மதியம் கையில் வந்தது. அவன் ஊர் போய்ச் சேர்ந்தபோது காடாற்று முடிந்திருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடித்து ஏப்ரல் கடைசியில் திரும்புவதாக டிக்கெட். ஏப்ரல் 24 நள்ளிரவோடு இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு அமீரகம் கதவை மூடியது. இங்கேதான் பலரும் கோட்டை விட்டோம். ஊருக்கு வருவதற்கான விதியை எழுதுவது இந்தியா, வேலைக்குத் திரும்புவதற்கான விதியை எழுதுவது அந்த நாடு. ஒன்று தளர்வதைப் பார்த்து மற்றது தளரும் என்று நம்ப வழியே இல்லை. ஆஸ்திரேலியா 2021 மே மாதத்தில் இரண்டு வாரம், இந்தியாவிலிருந்து வரும் தன் சொந்தக் குடிமக்களையே தடுத்தது. மீறினால் ஐந்து வருடம் வரை சிறை என்றும் சொன்னது.

அமீரகம் ஆகஸ்ட் 5 அன்று குடியிருப்பு விசாக்காரர்களுக்குத் திறந்தபோது, இரண்டு ஊசியும் அமீரகத்திலேயே போட்டிருக்க வேண்டும் என்பது முக்கிய நிபந்தனை. நண்பனுக்கு அது இல்லை. வசதி இருந்தவர்கள் ஆர்மீனியா போன்ற நாட்டில் 14 நாள் தங்கிச் சுற்றி வந்தார்கள். அவனால் முடியவில்லை. வேலைக்கு வெளிநாடு போகிறவர்கள் இரண்டாவது கோவிஷீல்டை 28 நாளிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று ஜூனில் வந்த சலுகையில் ஊசி போட்டு, சான்றிதழில் பாஸ்போர்ட் எண்ணைச் சேர்த்து வைத்திருந்தான். செப்டம்பர் 12 முதல் உலக சுகாதார நிறுவனம் ஏற்ற தடுப்பூசி போட்டவர்களையும் விட்டார்கள். 48 மணி நேர அறிக்கை, விமான நிலையத்தில் கிளம்பும் முன் இன்னொரு விரைவுப் பரிசோதனை. எல்லாம் தாண்டி மாதக் கடைசியில் வந்து சேர்ந்தான். ஆறு மாதம் சம்பளம் இல்லை.

பணம் பற்றி ஒன்று. ஊரடங்கின்போது, 2020 மார்ச் 25 முதல் மே 24 வரை, அந்த நாட்களுக்குள்ளேயே பயணிக்க எடுத்த டிக்கெட்டுக்கு முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 1 அன்று தீர்ப்பளித்தது.

இவற்றில் ஏர் பபிள் போய்விட்டது. ஏர் சுவிதா 2022 நவம்பரில் நின்று, சிங்கப்பூர், சீனா உட்பட ஆறு இடங்களிலிருந்து வருவோருக்கு மட்டும் 2023 தொடக்கத்தில் சில வாரம் திரும்பி வந்து, பிப்ரவரியில் மறுபடி நின்றது. ஆனால் 2009-இல் தொடங்கிய இந்தியச் சமூக நல நிதி இப்போதும் இருக்கிறது. கையில் காசில்லாமல் வெளிநாட்டில் சிக்கிய இந்தியருக்குத் தங்குமிடம், சாப்பாடு, ஊர் திரும்ப டிக்கெட், அவசர மருத்துவம், இறந்தவரின் உடலை அனுப்பும் செலவு ஆகியவற்றை, நிலைமையைப் பார்த்துத் தூதரகமே இந்த நிதியிலிருந்து செய்ய முடியும். போனில் மட்டும் சொல்லிவிட்டு விடாதீர்கள். வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ இணையதளத்தில் குறையைப் பதிவு செய்து, அந்தப் பதிவு எண்ணை ஊரில் இருக்கும் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள்.