சுட்டவர் புகார்தாரர், செத்தவர் எதிரி: என்கவுன்ட்டருக்குப் பிறகு குடும்பம் கேட்க வேண்டியவை

என்கவுன்ட்டர் வழக்கு என்று யாராவது என்னிடம் வந்தால், முதலில் நான் கேட்பது முதல் தகவல் அறிக்கையின் நகலைத்தான். அதில் புகார்தாரராக ஓர் ஆய்வாளர் இருப்பார். எதிரியாக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவராக, இறந்துபோனவர் இருப்பார். குற்றம், கொலை முயற்சி. பதுக்கிய ஆயுதத்தை எடுத்துத் தருவதாகச் சொல்லி அழைத்துப் போனவர், புதருக்குள்ளிருந்து நாட்டுத் துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். காவலர் ஒருவருக்கு இடது கையில் காயம். தற்காப்புக்காகத் திருப்பிச் சுட்டோம். ஊரும் தேதியும் மாறும். அந்த இடது கை மட்டும் பெரும்பாலும் மாறுவதில்லை.

எதிரி இறந்துவிட்டால் அவர்மீதான வழக்கு அற்றுப்போகும். வேறு வழக்கு எதுவும் பதிவாகவில்லை என்றால், அந்த மனிதர் எப்படிச் செத்தார் என்ற கேள்வியை நீதிமன்றம் கேட்காமலேயே கோப்பு மூடப்பட்டுவிடும். துக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்கு இது உடனே புரிவதில்லை. எஃப்.ஐ.ஆர். போட்டிருக்கிறார்கள், விசாரணை நடக்கும் என்று நம்பிக் காத்திருக்கிறார்கள்.

சட்டம் இந்த விஷயத்தில் வாய்மூடி இருக்கவில்லை. மும்பையில் 1995 முதல் 1997 வரை நடந்த என்கவுன்ட்டர்கள் தொடர்பாக மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், 2014 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் 16 நெறிமுறைகளை வகுத்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர் போனால் எஃப்.ஐ.ஆர். பதிய வேண்டும். புலனாய்வைச் சி.ஐ.டி. அல்லது வேறு காவல் நிலையத்தைச் சேர்ந்த குழு, மூத்த அதிகாரியின் மேற்பார்வையில் செய்ய வேண்டும். நடுவர் (மாஜிஸ்திரேட்) விசாரணை கட்டாயம். உறவினருக்கு விரைந்து தகவல் தர வேண்டும். சம்பவம் நடந்த கையோடு பதவி உயர்வும் வீரப் பதக்கமும் கூடாது.

ஆனால் இறந்தவர்மீது போட்ட கொலை முயற்சி வழக்கையே காட்டி, எஃப்.ஐ.ஆர். பதிந்தாயிற்று என்று சொல்லித் தப்பிக்கிறார்கள். மரணம் குறித்துத் தனியே ஒரு வழக்கு வேண்டும் என்பதே என் கருத்து. தற்காப்பு என்பது விதிவிலக்கு. அதைக் கோருபவர்தான் நிரூபிக்க வேண்டும் என்று பாரதிய சாட்சிய சட்டத்தின் 108ஆவது பிரிவு சொல்கிறது. நிரூபிக்க வேண்டியவரின் வாக்குமூலத்தையே முடிந்த உண்மையாக எடுத்துக்கொண்டால், பிறகு விசாரணை எதற்கு?

இன்னொன்று. ஏற்கெனவே கைதாகிப் போலீஸ் பிடியில் இருந்தவர் சுடப்பட்டிருந்தால் அது காவல் மரணமும் ஆகும். அப்போது கோட்டாட்சியர் விசாரணை போதாது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 196(2) பிரிவின்படி நீதித்துறை நடுவர் விசாரிக்க வேண்டும். அந்த விசாரணையின்போது உடனிருக்க உறவினருக்கு உரிமை உண்டு. கைது எத்தனை மணிக்கு, எங்கே, யார் பார்த்தார்கள் என்பதை அன்றே எழுதி வையுங்கள். கைதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் ஆறு மாதம் கழித்துச் சாட்சி சொல்ல வருவார் என்று எண்ணிவிடாதீர்கள்.

இனி, உடல். பிணவறை வாசலில் ஒரு காகிதத்தை நீட்டி, "கையெழுத்துப் போடுங்கம்மா, சீக்கிரம் எடுத்துட்டுப் போயிடலாம்" என்பார்கள். படிக்காமல் கையெழுத்திட வேண்டாம். உடற்கூராய்வை மாவட்ட மருத்துவமனையின் இரண்டு மருத்துவர்கள் செய்ய வேண்டும், அதை வீடியோ எடுத்துப் பாதுகாக்க வேண்டும் என்பதும் அதே உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் இருக்கிறது. காவல் மரணங்களில் குடும்பத்தினர் உடலைப் பார்க்காமல் உடற்கூராய்வைத் தொடங்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2020இல் உத்தரவிட்டது.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. கைத்துப்பாக்கியால் மிக நெருக்கத்தில் சுட்டால் காயத்தைச் சுற்றிக் கரி படியும். இரண்டு மூன்று அடிக்குள் என்றால் எரியாத வெடிமருந்துத் துகள்கள் தோலில் புள்ளி புள்ளியாகக் குத்தி நிற்கும். அதற்கும் அப்பால் என்றால் பொதுவாகத் துளை மட்டுமே. பதினைந்து அடி தூரத்தில் நின்று சுட்டோம் என்று அறிக்கை சொல்ல, தோலில் புள்ளிகள் இருந்தால் அந்த அறிக்கை அங்கேயே உடைகிறது. சட்டை மேல் குண்டு பாய்ந்திருந்தால் இந்தக் கரியும் துகள்களும் துணியில்தான் தங்கும். ஆகவே உடைகளைத் துவைக்காமல், உலரவைத்து, முத்திரையிட்டுத் தடயவியல் ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். உங்களிடமே கொடுத்துவிட்டால் சடலத்தோடு சேர்த்து எரித்துவிடாதீர்கள். வெடிமருந்துத் தடயம் இருக்கிறதா என்று பார்க்க, இறந்தவரின் கைகளிலிருந்து துடைப்பு மாதிரி எடுத்தார்களா என்றும் எழுத்து மூலம் கேளுங்கள். அவர் துப்பாக்கியால் சுட்டதாகச் சொல்லும்போது அந்தச் சோதனை முக்கியமானது.

சுட்ட அதிகாரியின் துப்பாக்கியையும் ஒப்படைத்தாக வேண்டும். இதைப் போலீஸுக்கு எதிரான விதி என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மையிலேயே உயிருக்கு ஆபத்து வந்து சுட்ட காவலருக்கு, முறையாக எடுத்த வீடியோவையும் தடயவியல் அறிக்கையையும்விட நல்ல சாட்சி கிடைக்காது. பயப்பட வேண்டியவர்கள் வேறு.

அரசின் முன் அனுமதி இல்லாமல் வழக்குத் தொடர முடியாது என்று சொல்லியும் குடும்பங்களை அனுப்பிவிடுவதுண்டு. அனுமதி தேவைப்படும் வழக்குகளில்கூட, பி.என்.எஸ்.எஸ். 218இன்படி 120 நாட்களுக்குள் அரசு முடிவெடுக்காவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கருதப்படும்.

2019 டிசம்பர் 6 அன்று ஹைதராபாத் அருகே, பாலியல் வன்கொலை வழக்கில் கைதான நால்வரைப் போலீஸ் சுட்டுக் கொன்றபோது மக்கள் பூத்தூவி வரவேற்றார்கள். அதை விசாரிக்க உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி சிர்புர்கர் ஆணையத்தின், 2022இல் வெளியான அறிக்கையோ, கொல்லும் எண்ணத்தோடுதான் சுட்டார்கள் என்றது. இறந்தவர்களில் மூவர் 18 வயது நிறையாதவர்கள் என்றும், 10 காவலர்கள் மீது கொலைக் குற்றத்துக்கு வழக்கு நடத்த வேண்டும் என்றும் சொன்னது. அந்த நால்வர் குற்றம் செய்தார்களா என்பதை இனி எந்த நீதிமன்றமும் தீர்மானிக்க முடியாது. கொல்லப்பட்ட பெண்ணின் குடும்பத்துக்கும் இது நஷ்டம்தான்.

இந்த நெறிமுறைகள் பின்பற்றப்படவில்லை என்றாலோ, புலனாய்வில் பாரபட்சம் தெரிந்தாலோ, சம்பவ இடத்துக்குரிய மாவட்ட அமர்வு நீதிபதியிடம் குடும்பத்தினர் புகார் தரலாம். 16 நெறிமுறைகளில் கடைசியாக வரும் இதை என்னிடம் வருபவர்களில் அநேகர் கேள்விப்பட்டதே இல்லை. எஃப்.ஐ.ஆர். நகல், கைது நேரம் பற்றிய உங்கள் குறிப்பு, உடற்கூராய்வு வீடியோ கேட்டு அனுப்பிய மனு, அதற்கான தபால் ரசீது ஆகியவற்றை இணைத்துக் கொடுங்கள். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். தகுதியுள்ளவர்களுக்கு இலவசமாக வழக்கறிஞரை நியமிப்பார்கள்.